காற்றை எண்ணிச் சொல்லும் பெட்டி: எட்டு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்ததில்

பெண்ணுக்கு வீசிங். நாலாம் வகுப்பு படிக்கிறாள். மழைக்காலம் தொடங்கினால் பரணில் இருக்கும் நெபுலைசர் கீழே இறங்கிவிடும். போன ஐப்பசியில் குழந்தை மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், வீட்டில் கொசுவர்த்தி கொளுத்துவீர்களா, சாம்பிராணி போடுவது உண்டா, தாளிக்கிற புகை எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். எங்கள் பதில்: ஆமாம், ஆமாம், தெரியாது. வெளியே வந்ததும் மனைவி, "ஏங்க, கொசுவர்த்தி எல்லாம் நாம சின்ன வயசுலேர்ந்து பாக்கறதுதானே, இது முழுக்க ரோட்டுத் தூசி, மெட்ரோ வேலை முடிஞ்சா சரியாயிடும்" என்றாள். நாங்கள் இருப்பது போரூர். ஜன்னலைத் திறந்தால் எதிரே மெட்ரோ தூண், டிவி மேல் விரலால் கையெழுத்துப் போடலாம், அவ்வளவு தூசி. எனக்கும் அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதை நிரூபித்துவிடலாம் என்றுதான் அன்று இரவே 9,400 ரூபாய்க்கு ஒரு காற்றுத் தர மானியை ஆர்டர் போட்டேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்த விலையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இருக்கும் சங்கதி ஏறக்குறைய ஒன்றேதான், வெளி டப்பாவும் ஆப்பும்தான் வேறு. அதனால் நான் எழுதுவது நீங்கள் வாங்கப்போகிற பெட்டிக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

கையடக்க டப்பா. உள்ளே சின்ன மின்விசிறி ஒன்று காற்றை இழுக்கிறது, அந்தக் காற்றின் குறுக்கே லேசர் ஒளி பாய்கிறது. காலையில் ஓட்டுக்கூரைச் சந்து வழியாக விழுகிற வெயில் கீற்றில் தூசி மினுமினுப்பதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். துகள் சிதறடிக்கும் ஒளியை எண்ணி, இத்தனை துகள் என்றால் எடை இவ்வளவு இருக்கும் என்று ஊகித்து எண்ணாகக் காட்டுகிறது. நமக்கு வேண்டியது பிஎம் 2.5 என்ற எண். 2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள்கள், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. மூக்கு, தொண்டை எல்லாம் தாண்டி நுரையீரலின் கடைசிப் பைவரை போகக்கூடியவை. ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்பது கணக்கு.

முதல் நாள் ஜன்னலைத் திறந்து வைத்து, மெட்ரோ பக்கம் பார்த்து உட்கார வைத்தேன். 46, 52, 49. சரி, பெரிதாக ஒன்றும் இல்லையே என்று விட்டுவிட்டேன். அன்று இரவு எட்டரைக்குப் படுக்கையறையில் வழக்கம்போல கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, கொசுவர்த்தி கொளுத்திக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். அரை மணி நேரத்தில் 480. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஹாலுக்குக் கொண்டுபோனால் இறங்குகிறது, அறைக்குள் கொண்டுவந்தால் ஏறுகிறது. மனைவி ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் வர்த்தியை அணைத்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போட்டபோது 999 காட்டிவிட்டு அப்படியே நின்றது. அதற்குமேல் திரையில் இலக்கத்துக்கு இடமில்லை.

அதற்கு அப்புறம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். 2003-இல் மலேசியாவிலும் சீனாவிலும் விற்கும் கொசுவர்த்திகளைக் கொளுத்தி அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று அதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் சிகரெட் பிடிப்பவர் யாரும் இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. இருந்தது.

ரோட்டுத் தூசிக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற கட்டுமானத் தூசி பெரும்பாலும் பெரிய துகள், அதை இந்த வகைப் பெட்டிகள் ஒழுங்காக எண்ணுவதில்லை. திரையில் பிஎம் 10 என்று ஓர் எண் காட்டும், அதை நம்பாதீர்கள், சின்னத் துகளின் கணக்கை வைத்துத்தான் அதையும் ஏறக்குறைய ஊகிக்கிறது. ஆகவே மெட்ரோ குற்றவாளியா இல்லையா என்று இந்த 9,400 ரூபாயால் கடைசிவரை தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

இப்போது இந்தப் பெட்டியில் எனக்குப் பெரிய எரிச்சல் தந்த விஷயம். மைக்ரோகிராம் எண்ணைச் சின்னதாக மூலையில் போட்டுவிட்டு, ஏக்யூஐ என்ற காற்றுத் தரக் குறியீட்டை நடுவில் பெரிதாக, கூடவே ஒரு சிரித்த முகம், அழுத முகம் எல்லாம் போட்டுக் காட்டுகிறது. நம் அரசு ஆப்பிலும் ஏக்யூஐ இருக்கிறது. இரண்டும் ஒத்தே போகாது. ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். விஷயம் இதுதான்: பெட்டி காட்டுவது அமெரிக்கக் கணக்கு, அரசு ஆப் காட்டுவது இந்தியக் கணக்கு. 55 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் கணக்கில் குறியீடு 92, 'திருப்திகரம்'. அதே 55, அமெரிக்கக் கணக்கில் 149, குழந்தைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஆகாது என்ற ஆரஞ்சு வண்ணம். ஒரே அறை, ஒரே காற்று, ஒரே குழந்தை. செட்டிங்ஸில் போய் முகத்தை நீக்கிவிட்டு மைக்ரோகிராம் எண்ணை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம், வாங்கியவுடன் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

சரி, எந்த எண் வந்தால் கவலைப்படுவது? இந்தியாவில் 2009-இல் வகுத்த அளவு 24 மணி நேரச் சராசரிக்கு 60, ஆண்டுச் சராசரிக்கு 40. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரியை 10 என்று வைத்திருந்ததை 2021-இல் 5 ஆகக் குறைத்துவிட்டது, ஒரு நாளுக்கு 15. எட்டு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆறு நகர ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்காவின் ஆறு ஊர்களில் எட்டாயிரத்துச் சொச்சம் பேரை 14 முதல் 16 வருடம் விடாமல் பின்தொடர்ந்து யார் இருக்கிறார், யார் போனார் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். புகைப்பழக்கம், வயது, உடல் பருமன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபிறகும் அழுக்கான ஊரில் இறப்பு விகிதம் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் கூட. இதில் என்னை உட்கார வைத்தது அந்தச் சதவீதம்கூட இல்லை. அந்த ஆறு ஊர்களில் ஆக மோசமான ஊரான ஸ்டூபென்வில், ஒஹாயோ மாநிலத்து இரும்பாலை ஊர், அங்கே நுண்துகள் சராசரி 30-ஐக்கூடத் தொடவில்லை. அந்த ஊரைத் தூக்கி வந்து நம்மூரில் வைத்தால் ஆண்டு வரையறைக்குள் ஜம்மென்று பாஸ் ஆகிவிடும். நான் 46-ஐப் பார்த்துவிட்டுப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஜன்னலோரம் காபி குடித்திருக்கிறேன்.

பெட்டி சரியாக அளக்கிறதா? நான் தேடியவரை இந்த மாடலை யாரும் சோதித்து எழுதாததால் நானே கிளம்பினேன். ஆலந்தூர் பஸ் டெப்போவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது, மணிக்கொரு தரம் எண்கள் இணையத்தில் ஏறும். மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை ஆறிலிருந்து ஏழு வரை பவர் பேங்கில் பெட்டியைச் செருகி, டீக்கடை ஓரம் நின்றேன். டீக்கடைக்காரர், "சார், என்ன ஸ்டேஷன் கிடைக்குது இதுல?" என்று கேட்டார். அரசுக் கருவி 41, என்னுடையது 68. ஈரப்பதம் அன்று 88 சதவீதம். பங்குனியில் ஒரு மதியம் மறுபடி போனேன், ஈரப்பதம் 52, அரசுக் கருவி 27, என்னுடையது 30. காற்றில் ஈரம் ஏறினால் துகள்கள் தண்ணீரை உறிஞ்சிப் புஸ்ஸென்று ஊதிக்கொள்ளும், பெரிதாகிவிட்ட துகள் ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும், லேசர் அதை எடை என்று நினைத்துக்கொள்ளும். அரசு நிலையத்துக் கருவிகள் காற்றைச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டுத்தான் அளக்கின்றன. சென்னையில் விடிகாலை எண்களை, அதுவும் ஐப்பசியிலிருந்து தை வரை, ஒரு சிட்டிகை உப்போடு இல்லை, ஒரு கைப்பிடி உப்போடு பாருங்கள். இரண்டே நாள் சோதனைதான், இதை வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது.

போகி அன்று காலை ஐந்து மணிக்குக் காட்டிய 370-ஐயும் அந்தத் தள்ளுபடியோடுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அன்று மூக்கே சொல்லிவிட்டது.

எங்கள் தெருவிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம். வாரத்தில் ஆறு நாள் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், அங்கே அடுப்படிப் புகையை ஆராயும் ஒரு குழு பல வருடங்களாக இருக்கிறது என்று இந்தப் பெட்டி வாங்கும்வரை தெரியாது. கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் நடப்பது. 2018-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டின் கிராமத்திலும் நகரத்திலுமாகக் கருவுற்ற 1,285 பெண்களைக் கவனித்ததில், கர்ப்ப காலத்தில் சுவாசித்த நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது என்று கண்டார்கள். 4 கிராம் என்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரை. ஆனால் விறகடுப்பு எரியும் குடிசைக்கும் காற்றோட்டமான வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்தோடு நிற்பதில்லை, பல பத்துகள்.

இவர்கள் அளப்பதையும் என் பெட்டி அளப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் வேலை செய்த இந்தியர்களும் 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கிற பெண்கள் மேலேயே கருவியை மாட்டி அளந்திருக்கிறார்கள், ஏனென்றால் சுவரில் மாட்டிய கருவி சுவருக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் சொல்லும், அடுப்பை ஊதுகிறவள் மூக்குக்கு என்ன போகிறது என்று சொல்லாது. இன்றைக்கும் அதே வழிதான். ஒரு சின்ன வடிதாளை முன்கூட்டியே எடை போட்டு, கருவிக்குள் வைத்து, அந்தப் பெண் 24 மணி நேரம் மேலங்கி மாதிரி அதைப் போட்டுக்கொண்டு சமைத்து, துவைத்து, தூங்கி, அப்புறம் அந்தத் தாளை ஈரப்பதமும் வெப்பமும் கட்டுப்படுத்திய அறையில் மறுபடி எடை போடுவார்கள். நான் பெட்டியை ஷோகேஸ் மேல் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விடுகிறேன்.

ராமச்சந்திராக் குழு பங்கெடுத்த இன்னொரு பெரிய ஆய்வு உண்டு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நாலு நாடுகளில் கருவுற்ற 3,200 பெண்கள். இந்தியப் பங்கு முழுக்கத் தமிழ்நாட்டில்தான். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மீதிப் பேர் வழக்கம்போல விறகு. விறகு வீடுகளில் பெண்கள் சுவாசித்த நுண்துகள் 70 வாக்கில், கேஸ் கொடுத்த வீடுகளில் 24 வாக்கில், இது பெரிய இறக்கம். குழந்தை எடை கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? 2022-இல் முடிவு வந்தது: கேஸ் வீட்டில் சராசரி 2,921 கிராம், விறகு வீட்டில் 2,898. வித்தியாசம் என்று சொல்லக்கூடிய அளவுக்கு இல்லை என்று எழுதிவிட்டார்கள். இத்தனை வருட உழைப்பு, இத்தனை பணம், எதிர்பார்த்தது வரவில்லை என்று சபையில் சொல்கிறார்கள். என் பெட்டியின் அட்டையில் 'உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியத்தைக் காக்கும்' என்று போட்டிருக்கிறது. யாரை வைத்து, எத்தனை பேரை வைத்து சோதித்தீர்கள் ஐயா?

திரும்பப் பெட்டிக்கு வருகிறேன். கார்பன் டை ஆக்சைடு எண் உருப்படியானது, எங்கள் மாடலில் அதற்குத் தனி சென்சார் இருக்கிறது. சில மலிவு மாடல்களில் வேறு சென்சாரை வைத்து ஊகித்துப் போடுவார்கள், வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஏசி போட்டு நாலு பேர் படுக்கும் அறையில் விடியும்போது பத்து லட்சம் பங்கு காற்றில் 2,300 பங்கு, வெளியே நானூற்றுச் சொச்சம். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது, புதுக் காற்று ஒரு பிடிகூட உள்ளே விடாது என்பது எனக்கு நாற்பத்து மூன்று வயதில் தெரிய வேண்டியிருக்கிறது. இப்போது கதவை ஒரு சாண் திறந்து வைக்கிறோம், 1,100-ஐத் தாண்டுவதில்லை, மின்கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

ஃபார்மால்டிஹைடு (பிளைவுட், பாலீஷிலிருந்து கசியும் வாயு) என்று ஓர் எண் காட்டுகிறது பாருங்கள், அது சுத்த ஏமாற்று. ஒருநாள் இரவு பத்து மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்து கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. புது அலமாரிக்கு அடித்த பாலீஷா, கேஸ் கசிவா என்று வீடு முழுக்க மோந்து பார்த்தோம். கடைசியில் பார்த்தால் மேடை மேல் அம்மா புளிக்க வைத்த இட்லி மாவு பொங்கி வழிந்திருந்தது. மாவு புளிக்கும்போது வரும் சாராய ஆவிக்கும் சானிட்டைசருக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் எல்லாவற்றுக்கும் அந்தச் சென்சார் ஒரே கூச்சல்தான் போடும். "ஏண்டா, மாவு புளிச்சா இது சொல்லுமா? அப்ப நல்ல மெஷின்தான்" என்றாள் அம்மா. எட்டு மாதத்தில் அம்மா இதைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

பதிலுக்கு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடும். கொசுவர்த்தியை நிறுத்திவிட்டு லிக்விட் மெஷினுக்கு மாறினோம், துகள் எண் 20-லேயே இருந்தது, ஆஹா என்றிருந்தோம். ஆனால் லிக்விடில் வருவது ஆவி. லேசர் ஆவியை எண்ணாது. எண் குறைவு என்பதால் பூச்சிமருந்து அறையில் இல்லை என்றாகாது. எண்ணூர், மணலிப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் வாங்கலாமா என்று கேட்டார், ஆலைப் புகைக்கூண்டிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடை இது காட்டாது என்று சொல்லித் தடுத்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் கொசுவலை. கல்யாணத்துக்கு வந்த பழைய வலை, அதே பரணில்தான் இருந்தது.

ரிப்பேர் கதை ஒன்று. மாசியில் இரண்டு நாள் தொடர்ந்து 400-க்குக் கீழ் இறங்கவே இல்லை, ஜன்னல் திறந்தாலும் அதே, மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாலும் அதே. கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன், ஆறு நாள் கழித்து 'ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவவும்' என்று பதில் வந்தது. அதற்குள் நானே டூத் பிரஷும் சைக்கிள் பம்பும் வைத்துச் சரிசெய்துவிட்டேன். காற்று போகிற துளைக்குள் குண்டூசித் தலை அளவு சிலந்தி ஒன்று வலை கட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. லேசர் பாதையில் ஓர் இழை குறுக்கே நின்றால் போதும், உலகமே புகை மண்டலம் என்று சொல்லிவிடும். மாதம் ஒருமுறை துளைக்குக் காற்று அடியுங்கள்.

ஆப் மோசம். காற்றளக்கும் பெட்டிக்கு என் தொடர்பு எண்களைப் பார்க்க எதற்கு அனுமதி? மறுத்தால் பழைய கணக்கைச் சேமிக்க மாட்டேன் என்கிறது. நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன், அதில் 'ரசம் தாளிப்பு 210', 'கறிக்குழம்பு 165, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் 60', 'அப்பளம் 340' என்று மளிகைக் கணக்கு மாதிரி இருக்கும். பேட்டரி நாலு மணி நேரம்கூடத் தாங்காது, எப்போதும் சார்ஜரிலேயே இருக்க வேண்டியதுதான்.

பெண்ணின் வீசிங் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இந்தக் கோடையில் ஒரே ஒரு தடவை நெபுலைசர் எடுத்தோம். போன கோடையில் மூன்று. கொசுவர்த்தி நின்றதாலா, வளர்ந்துவிட்டாளா, டாக்டர் மாற்றிக் கொடுத்த இன்ஹேலராலா, யாருக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு காரணம் சொல்ல முடியாது, அதற்குத்தானே ஆயிரக்கணக்கில் பேரைச் சேர்த்து வருடக்கணக்கில் பார்க்கிறார்கள்.

வாங்கலாமா? வீட்டில் எதைச் செய்தால் எண் எகிறுகிறது, எதைச் செய்தால் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள நல்ல பெட்டி, அந்த வேலையை முதல் இரண்டு மாதத்திலேயே முடித்துக் கொடுத்துவிடும். அதனால் அபார்ட்மென்ட்டில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுவதுதான் புத்திசாலித்தனம். ஊர்க் காற்று எப்படி என்று தெரிய வேண்டுமானால் காசு செலவழிக்காமல் வாரியத்தின் தளத்தைப் பாருங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன், அந்த முகங்களை எடுத்துவிட்டால் மூன்றரை.

அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறாள். போடுவதற்கு முன்னால் பெட்டி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுகிறாள். அப்புறம், கேபிளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், கூட வருவது இரண்டு முழம்கூட இல்லை.